‘மறுத்தார்’ என்பதற்கு எப்போதும் ‘ரெஃபியூஸ்’ பொருந்துமா?

வாசகர் கேள்வி, 4 பிப்ரவரி 2024

ஆங்கிலத்தில் ரெஃபியூஸ், டினை, டிக்ளைன், ரிஜெக்ட் என்று நான்கு வினைச்சொற்கள் இருக்கின்றன. அகராதியைத் திறந்தால் நான்கிற்கும் ‘மறு’ என்றே பொருள் போட்டிருக்கிறது. ‘அவர் வர மறுத்தார்’ என்பதை ‘ஹி டினைட் டு கம்’ என்று எழுதினேன். அலுவலகத்தில் அதைத் திருத்தி ‘ரெஃபியூஸ்டு’ என்று போட்டார்கள். பொருள் ஒன்றாக இருக்கும்போது இது வெறும் பழக்கத்தைப் பற்றிய பிடிவாதம்தானே?

4 பிப்ரவரி

பிடிவாதம் இல்லை. தமிழின் ‘மறு’ இரண்டு வெவ்வேறு செயல்களுக்கு ஒரே சொல்லாக நிற்கிறது என்பதே இங்குள்ள சிக்கல். ‘வர மறுத்தார்’ என்னும்போது அவர் ஒரு செயலைச் செய்ய இணங்கவில்லை. ‘குற்றச்சாட்டை மறுத்தார்’ என்னும்போது ஒரு கூற்று உண்மையன்று என்கிறார். முதலாவது விருப்பத்தைப் பற்றியது, இரண்டாவது உண்மையைப் பற்றியது. தமிழில் இவ்விரண்டையும் பிரித்துக்காட்டும் வேலையை ‘மறு’வுக்கு முன்னால் நிற்கும் சொல் செய்துவிடுகிறது. ஆங்கிலத்தில் வினைச்சொல்லே பிரிந்துவிடுகிறது.

எளிய சோதனை ஒன்றுண்டு. மறுத்தவர் வாயிலிருந்து என்ன சொல் வந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ‘மாட்டேன்’ என்று சொல்லியிருப்பார் என்றால் ரெஃபியூஸ். ‘இல்லை, நான் அப்படிச் செய்யவில்லை’ என்று சொல்லியிருப்பார் என்றால் டினை. இலக்கண அமைப்பும் இதையே பின்பற்றுகிறது. ரெஃபியூஸுக்குப் பின் ‘டு’ சேர்ந்த வினை வரும்: ‘ரெஃபியூஸ்டு டு சைன்’, கையெழுத்திட மறுத்தார். டினைக்குப் பின் ‘இங்’ ஈற்று வினையோ ‘தட்’ என்று தொடங்கும் வாக்கியமோ வரும்: ‘டினைட் சைனிங்’, தான் கையெழுத்திட்டதை மறுத்தார். கையெழுத்து ஒன்றுதான். முதல் வாக்கியத்தில் தாள் வெறுமையாக இருக்கிறது, இரண்டாவதில் தாளில் ஏற்கெனவே ஒரு கையெழுத்து இருக்கிறது, அது யாருடையது என்பதே வழக்கு. நீதிமன்ற ஆவணத்தில் இந்த இரண்டையும் மாற்றி எழுதினால் என்ன ஆகும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

5 பிப்ரவரி

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ‘டினை’க்குப் பின் ‘டு’ போட்டு, இணங்காமையைக் குறிக்கும் வழக்கு ஆங்கிலத்திலேயே ஒரு காலத்தில் இருந்தது. ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் அதைக் காணலாம். பின்னர் அது வழக்கொழிந்தது. ஆகவே கேள்வி கேட்டவரின் வாக்கியத்தில் தர்க்கப் பிழை ஏதுமில்லை. ஒரு மொழி தன் இரண்டு சொற்களுக்கும் வேலையைப் பிரித்துக்கொடுத்த பிறகு நாம் பழைய ஏற்பாட்டின்படி எழுதுகிறோம், அவ்வளவே. இந்திய ஆங்கிலத்தில் இந்த அமைப்பு அடிக்கடி தலைகாட்டுவதற்கு நம் மொழிகளில் ஒரே வினை இரண்டு வேலையும் செய்வது பெரும் காரணம் என்று கருதுகிறேன்.

6 பிப்ரவரி

‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்பதற்கு என்ன எழுதுவது என்று வேறொரு வாசகர் கேட்டிருக்கிறார். இங்கேதான் என் சோதனை முழுதாக உதவாது. ஏனென்றால் டினைக்கு ‘உண்மையன்று என்று சொல்லுதல்’ என்பதோடு ‘கிடைக்க வேண்டியதைக் கொடுக்காதிருத்தல்’ என்ற பொருளும் உண்டு. அனுமதி, விசா, பிணை, நுழைவு போன்றவற்றுக்கு இரண்டு வினைகளும் வரும். இருந்தாலும் சாயல் வேறு. ரெஃபியூஸ் என்றால் ஒரு வேண்டுகோள் வந்தது, அதற்கு விடை ‘முடியாது’ என்பது. டினை என்றால் பெறுபவரின் பக்கம் நின்று பார்க்கிறோம், அவருக்குச் சேர வேண்டிய ஒன்று அவரிடம் வந்து சேரவில்லை. அதனால்தான் உரிமை, நீதி, கல்வி போன்றவற்றைப் பற்றிப் பேசும்போது ஆங்கிலம் பெரும்பாலும் டினையை நாடுகிறது. நீதியை யாரும் விண்ணப்பம் போட்டுக் கேட்க வேண்டியதில்லை அல்லவா?

இதில் செயப்பாட்டு வாக்கியம் தமிழ் வாசகரை இடறவைக்கும். ‘ஹி வாஸ் ரெஃபியூஸ்டு எ விசா’ என்பதில் எழுவாயாக நிற்பவர் மறுத்தவர் அல்லர், மறுக்கப்பட்டவர். தமிழில் அவரை ‘அவருக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் வைத்துவிடுவதால் குழப்பமே எழாது. ஆங்கிலம் அவரைத் தூக்கி எழுவாய் இடத்தில் உட்கார வைக்கிறது. அமெரிக்க விசா விண்ணப்பப் படிவத்தில் ‘உங்களுக்கு எப்போதாவது விசா மறுக்கப்பட்டதா, நுழைவு மறுக்கப்பட்டதா’ என்ற கேள்வி இந்த அமைப்பில்தான் இருக்கிறது. அவசரமாகப் படிப்பவர் ‘நான் ஏன் விசாவை மறுக்கப் போகிறேன்’ என்று எண்ணி ‘இல்லை’ என்று குறித்துவிட்டால், அது பொய்த்தகவல் என்ற கணக்கில் சேரும். ஒரு செயப்பாட்டு வினையைத் தவறாகப் படிப்பதற்கு அது மிகக் கடுமையான விலை.

அதே துறையில் இன்னொன்றும் உண்டு. நேர்காணலுக்குப் பிறகு கூடுதல் ஆவணத்துக்காகவோ ஆய்வுக்காகவோ நிறுத்திவைக்கப்பட்ட விண்ணப்பத்துக்கும் அமெரிக்கத் தூதரக இணையப் பக்கம் ‘ரெஃபியூஸ்டு’ என்றே நிலை காட்டுவதுண்டு. அன்றாட ஆங்கிலத்தில் அந்தச் சொல் முடிவான விடை. அமெரிக்க விசாச் சட்டத்தின் மொழியிலோ, இந்தக் கணத்தில் விசா வழங்கப்படவில்லை என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. அகராதிப் பொருளை மட்டும் அறிந்தவர் அந்தச் சொல்லைக் கண்டு மனமுடைந்து போவதை நான் பார்த்திருக்கிறேன்.

9 பிப்ரவரி

உயிரற்ற பொருளுக்கு ரெஃபியூஸ் வருமா என்ற கேள்விக்கு: தாராளமாக வரும். ‘தி கார் ரெஃபியூஸ்டு டு ஸ்டார்ட்.’ இதைக் கேட்டு ஆங்கிலத்தின் விசித்திரம் என்று நினைக்க வேண்டாம், ஏனெனில் தமிழ் இதைவிட ஒரு படி மேலே போகிறது. ‘வண்டி கிளம்ப மாட்டேன் என்கிறது’, ‘கதவு திறக்க மாட்டேன் என்கிறது’ என்று நாம் சொல்கிறோம். பேச்சில் அது ‘மாட்டேங்குது’ என்று சுருங்கிவிடுவதால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கவனிப்பதில்லை. பிரித்துப் பார்த்தால் வண்டி தன்மை ஒருமையில் ‘மாட்டேன்’ என்று வாய்திறந்து சொல்கிறது! ஆங்கிலம் வண்டிக்கு மனத்தை மட்டும் கொடுத்தது, தமிழ் குரலையும் கொடுத்துவிட்டது.

இங்கே ஒரு நுண்மை உண்டு. ‘நாளை அவன் வர மாட்டான்’ என்பது பெரும்பாலும் எதிர்காலத்தைப் பற்றிய செய்தி, அதில் அவன் மறுத்தான் என்ற குற்றச்சாட்டு இல்லை. ‘அவன் வர மாட்டேன் என்கிறான்’ என்பது மறுப்பு. ஆங்கிலத்தின் ‘ஓன்ட்’ (‘வில் நாட்’ என்பதன் சுருக்கம்) இந்த இரண்டையும் ஒரே சொல்லில் அடக்குவதால், ‘ஹி ஓன்ட் கம்’ என்ற வாக்கியம் செய்தியா மறுப்பா என்பதைச் சூழல்தான் சொல்ல வேண்டும். ‘ரெஃபியூஸ்’ வந்தால் ஐயம் தீர்ந்துவிடும். தமிழில் இணையாகத் தேடினால் அகராதி தரும் ‘மறு’வைவிட ‘மாட்டேன் என்’ என்ற கூட்டே அதற்கு நெருக்கமானது என்பது என் உறுதியான கருத்து. நெடுங்காலமாக மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் எனக்கு, உரையாடல் வரும் இடங்களில் ‘மறுத்தான்’ என்று எழுதினால் வாக்கியம் விறைத்துப்போவதும், ‘மாட்டேன் என்றுவிட்டான்’ என்று எழுதினால் உயிர்பெறுவதும் கண்கூடு.

9 பிப்ரவரி, இரவு

பழந்தமிழில் ‘மாட்டு’ என்பதற்கு இயலுதல் என்று பொருள். ‘மாட்டேன்’ என்றால் ‘என்னால் இயலாது’. இயலாமையைக் குறித்த சொல் விருப்பமின்மையைக் குறிக்கும் சொல்லாக நகர்ந்திருக்கிறது. இன்றும் மரியாதையாக மறுக்க நினைப்பவர் ‘முடியாது’ என்கிறார், உண்மையில் அவரால் முடியும். இந்த நகர்வைப் பற்றி இன்னும் யோசிக்க வேண்டும்.

11 பிப்ரவரி

ரெஃபியூஸின் உச்சரிப்புப் பற்றிச் சுருக்கமாக. வினைச்சொல்லாக வரும்போது அழுத்தம் இரண்டாம் அசையில் விழும், ஈற்றொலி அதிரும். குப்பை என்ற பொருளில் பெயர்ச்சொல்லாக வரும்போது அழுத்தம் முதல் அசைக்குப் போகும், ஈற்றில் வருவது அதிர்வில்லாத ‘ஸ்’. தமிழ் எழுத்தில் இரண்டையும் வேறுபடுத்த வழியில்லை. இலத்தீனில் ‘திருப்பி ஊற்றுதல்’ என்று பொருள்படும் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். கொடுத்ததைத் திருப்பி ஊற்றுவது என்ற படிமத்திலிருந்து ஏற்காமை என்ற பொருளுக்கு வருவது இயல்பான நடைதான்.

15 பிப்ரவரி

டிக்ளைன், ரிஜெக்ட் பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள். ரிஜெக்ட் எளிது. அதற்குப் பின் ஒரு பொருளோ, யோசனையோ, ஆளோ பெயர்ச்சொல்லாக வர வேண்டும், ‘டு’ சேர்ந்த வினை வராது. பரிசீலித்துத் தள்ளுதல் அதன் உட்பொருள், தமிழில் ‘நிராகரி’ அதற்கு அருமையாகப் பொருந்துகிறது. மாற்று உறுப்பை உடல் ஏற்காதபோது மருத்துவர்கள் ‘ரிஜெக்ஷன்’ என்கிறார்கள், அங்கே ‘ரெஃபியூஸ்’ வராது.

டிக்ளைன்தான் சுவையானது. அதன் வேரில் இருப்பது விலகிச் சாய்தல். இதை வெறும் மரியாதை வடிவம் என்று பாடநூல்கள் சொல்லிவிட்டுப் போய்விடுகின்றன. எனக்கு அது போதுமான விளக்கமாகத் தெரியவில்லை. 1964இல் பிரெஞ்சு எழுத்தாளர் ழான்-போல் சார்த்ர் இலக்கிய நோபல் பரிசை ஏற்கவில்லை, 1973இல் வட வியத்நாம் தலைவர்களுள் ஒருவரான லே டுக் தோ அமைதி நோபல் பரிசை ஏற்கவில்லை. ஆங்கிலப் பதிவுகளில் இவர்களுக்குப் பெரும்பாலும் ‘டிக்ளைன்’ என்ற வினையே வருகிறது. வியத்நாமில் அமைதி உண்மையில் ஏற்படவில்லை என்று காரணம் காட்டிப் பரிசை மறுத்த ஒருவரின் செயலில் பணிவைக் காட்டிலும் உறுதிதானே மிகுதியாக இருக்கிறது? ஆகவே டிக்ளைனின் அடையாளம் மென்மை அன்று. முன்வைக்கப்பட்டது ஒரு கொடையோ அழைப்போ என்பதும், அதை ஏற்கும் கடமை அவருக்கு இல்லை என்பதுமே அதன் அடையாளம். பரிசை வாங்க வேண்டும் என்று யாரும் யாருக்கும் கட்டளையிட முடியாது. கடமையோ எதிர்பார்ப்போ இருக்கும் இடத்தில் ‘மாட்டேன்’ என்றால் ரெஃபியூஸ், அது இல்லாத இடத்தில் ‘வேண்டாம்’ என்றால் டிக்ளைன். தமிழில் ‘மாட்டேன்’, ‘வேண்டாம்’ என்ற இரண்டு சொற்களும் இந்தப் பிரிவை எவ்வளவு சுத்தமாகக் காட்டுகின்றன என்று பாருங்கள்.

1958இல் இலக்கிய நோபல் அறிவிக்கப்பட்ட ரஷ்ய எழுத்தாளர் பாஸ்டர்நாக்கின் விஷயம் இதற்கு இடைஞ்சலானது. முதலில் அவர் பரிசை ஏற்றார், பிறகு சோவியத் அதிகாரம் கொடுத்த நெருக்கடியால் வேண்டாம் என்று எழுதினார். அங்கும் ‘டிக்ளைன்’ என்றே பதிவாகியிருக்கிறது. வினை அவருடையது, விருப்பம் அவருடையதன்று. எந்த வினைச்சொல்லைப் போட்டாலும் அந்த வாக்கியத்துக்கு ஒரு துணை வாக்கியம் தேவைப்படுகிறது.

19 பிப்ரவரி

‘முன்னால் ஒரு வேண்டுகோள் இருந்தால்தான் ரெஃபியூஸ் வருமா?’ என்ற வாசகருக்கு: வேண்டுகோளாகவே இருக்க வேண்டியதில்லை, எதிர்பார்ப்போ கட்டளையோ போதும். 1955 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் மான்ட்கமரி நகரப் பேருந்தில், வெள்ளையருக்கு இடம்விட ஓட்டுநர் எழுந்திருக்கச் சொன்னபோது கறுப்பினப் பெண்ணான ரோசா பார்க்ஸ் எழவில்லை. ‘இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்தார்’ என்று வரலாறு எழுதும் அந்த வாக்கியத்தில் ரெஃபியூஸ் தன் முழு எடையோடு நிற்கிறது: கட்டளை இருந்தது, அதற்குப் பின்னால் சட்டம் இருந்தது, விடை ‘இல்லை’. அதே வாக்கியத்தில் ‘எழவில்லை’ என்று மட்டும் எழுதினால் அவர் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார் என்றுகூடப் படிக்கலாம், அப்படி ஒரு கதையும் பரவியது. தாம் உடலால் களைத்திருக்கவில்லை, விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்தே களைத்திருந்ததாக அவரே பின்னாளில் எழுதினார். ஒரு வினைச்சொல் ஒருவரின் விருப்பத்தைப் பாதுகாக்கும் இடம் இது.

23 பிப்ரவரி

மேலே உள்ளதன் மறுபக்கத்தை எழுதாமல் விட மனம் ஒப்பவில்லை. விருப்பம் இருந்த இடத்தில் ரெஃபியூஸ் அதைக் காப்பாற்றுகிறது என்றால், விருப்பம் இல்லாத இடத்தில் அதே சொல் அதை ஒருவர்மேல் ஏற்றிவிடுகிறது.

என் நெருங்கிய உறவினர் ஒருவர் மருத்துவமனையில் இருந்தபோது அவருடைய குறிப்பேட்டில் ‘நோயாளி உண்ண மறுக்கிறார்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். வினைச்சொல் ரெஃபியூஸ்தான். அவருக்கு விழுங்க முடியவில்லை. வாயருகே கரண்டி வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார், அது மட்டுமே வெளியில் தெரிந்தது. அடுத்த பணிநேரத்தில் வந்தவர் அந்த ஒரு சொல்லைப் படித்துவிட்டு, ஒத்துழைக்காதவரிடம் பேசும் குரலில் அவரிடம் பேசினார். தொண்டையைப் பரிசோதிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அந்தச் சொல் ஏற்கெனவே காரணத்தைச் சொல்லி முடித்திருந்தது. நோயாளியைப் பற்றி எழுதும்போது ‘ரெஃபியூஸ்டு’ என்பதைத் தவிர்த்து ‘டிக்ளைன்டு’ என்று எழுதும்படி மருத்துவத் துறையில் இப்போது பலர் வலியுறுத்துகிறார்கள். அது நல்லதே. ஆனால் என் உறவினர் விஷயத்தில் அந்தச் சொல்லும் உதவியிருக்காது. முகத்தைத் திருப்பினார், விழுங்கவில்லை, இருமினார் என்று கண்டதை எழுதியிருக்க வேண்டும்.

இதைப் பற்றி யோசிக்கும்போது நன்னூல் நினைவுக்கு வருகிறது. விடையை அது எட்டாகப் பிரிக்கிறது: சுட்டு, மறை, நேர், ஏவல், வினாவெதிர்வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி. ‘இதைச் செய்வாயா’ என்ற கேள்விக்குச் ‘செய்யேன்’ என்பது மறை. ‘கை வலித்தது’ என்பது உற்றதுரைத்தல். ‘கை வலிக்கும்’ என்பது உறுவது கூறல். ‘நீயே செய்’ என்பது ஏவல். ‘வேறொன்றைச் செய்வேன்’ என்பது இனமொழி. இவற்றில் முதல் மூன்றும் வெளிப்படையான விடைகள், எஞ்சிய ஐந்தும் குறிப்பால் பொருள் உணர்த்துபவை. ‘கை வலித்தது’ என்றவர் செய்யவில்லை என்பது நமக்குப் புரிகிறது. ஆனால் இலக்கணம் அதை ‘மறை’ என்ற பெட்டிக்குள் போடவில்லை, தனிப் பெயர் கொடுத்துத் தனியே வைத்திருக்கிறது. ரெஃபியூஸ் என்று எழுதுபவர் இந்த வகைகள் அத்தனையையும் ‘செய்யேன்’ என்ற ஒன்றாக்கிவிடுகிறார். வலிக்கிறது என்றவரைப் பற்றி ‘மறுத்தார்’ என்று பதிவு செய்வது பிழையான மேற்கோளுக்குச் சமம்.

24 பிப்ரவரி

‘அப்படியானால் ரெஃபியூஸையே தவிர்க்கலாமா?’ என்று கேட்கிறார்கள். கூடாது. மறுப்பவர் மறுத்தார் என்று எழுதப்படும் உரிமையுள்ளவர். ரோசா பார்க்ஸைப் பற்றி மீண்டும் படியுங்கள்.

2 மார்ச்

சிறப்பு வழக்குகள் சில, அகராதியில் தேடி அலையாமலிருக்க.

குதிரைத் தாண்டலில், தடையின் முன் குதிரை நின்றுவிட்டால் ‘ரெஃபியூஸ்’ என்பார்கள், பின்னால் எந்த வினையும் வர வேண்டியதில்லை, அதற்குப் புள்ளி இழப்பும் உண்டு. படைத்துறையில் ‘பக்கவாட்டை ரெஃபியூஸ் செய்தல்’ என்றால் அணிவரிசையின் ஓரத்தைப் பின்னோக்கி மடக்குதல், எதிரி சுற்றிவந்து தாக்காமலிருக்க. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 ஜூலை 2 அன்று கெட்டிஸ்பர்க் களத்தில் லிட்டில் ரவுண்ட் டாப் குன்றில் தளபதி சேம்பர்லினின் மெய்ன் மாநிலப் படைப்பிரிவு தன் இடப்பக்கத்தை இப்படித்தான் மடக்கியது. இங்கே மறுப்பு என்று மொழிபெயர்த்தால் வாசகர் திகைத்துப்போவார், ‘பின்மடக்கினர்’ என்பதே சரி.

‘முதல் மறுப்புரிமை’ என்று ஒப்பந்தங்களில் வருவதும் தமிழில் தலைகீழாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. சொத்தையோ பங்கையோ வேறொருவருக்கு விற்கும் முன் முதலில் ‘வாங்கிக்கொள்கிறீர்களா’ என்று என்னிடம் கேட்க வேண்டும், நான் வேண்டாம் என்ற பிறகே மற்றவரிடம் போகலாம் என்பது அதன் பொருள். உரிமையின் பயன் வாங்குவதில் இருக்கிறது, பெயரோ மறுப்பில் இருக்கிறது. ‘முதல் வாய்ப்புரிமை’ என்றால் படிப்பவருக்கு உடனே விளங்கும்.

‘ரெஃபியூஸ்னிக்’ என்ற சொல்லின் கதை 6 பிப்ரவரி குறிப்போடு சேர்ந்தது. சோவியத் ஒன்றியத்தை விட்டு வெளியேற அனுமதி கேட்டு மறுக்கப்பட்டவர்களுக்கு, பெரும்பாலும் யூதர்களுக்கு, 1970களில் ரஷ்யச் சொல்லைப் பார்த்து ஆங்கிலத்தில் உருவாக்கிய பெயர் அது. 1986இல் விடுதலையான நத்தான் ஷரான்ஸ்கி அவர்களுள் புகழ்பெற்றவர். பிறகு அதே சொல் இராணுவப் பணியை மறுக்கும் வீரர்களுக்கும், கட்டளைக்கு இணங்காத எவருக்கும் வழங்கலாயிற்று. மறுக்கப்பட்டவரைக் குறித்த சொல், மறுப்பவரைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. செயப்பாட்டைச் செய்வினையாகப் படிக்கும் பழக்கம் தமிழருக்கு மட்டும் உரியதன்று என்பது தெரிகிறதல்லவா?

10 மார்ச்

செய்தி மொழிபெயர்ப்பவர்களுக்காக ஒன்று. ஆங்கில ஏடுகளில் ‘டிக்ளைன்டு டு காமென்ட்’ என்று வருவது தமிழில் ‘கருத்துத் தெரிவிக்க மறுத்துவிட்டார்’ என்றே ஆகிறது. ‘மறு’வோடு ‘விடு’ சேர்ந்ததும் அது கதவைச் சாத்திய ஒலியாகிவிடுகிறது. நிருபரின் கேள்விக்கு விடையளிக்கும் கடமை ஒரு தனிமனிதருக்கு இல்லை. ஆகவே ‘கருத்துக் கூற விரும்பவில்லை என்றார்’ போதும். பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் அதிகாரி, சட்டமன்றக் குழுவின் முன்போ நீதிமன்றத்திலோ வாய்திறக்கவில்லை என்றால் அங்கே ‘மறுத்துவிட்டார்’ என்று எழுதுங்கள், அந்த ‘விடு’வையும் விட்டுவிடாதீர்கள். தொலைபேசியை அவர் எடுக்கவில்லை என்றால், எடுக்கவில்லை என்று மட்டும் எழுதுங்கள்.